ஒரு வருஷத்துக்கு ஒரு கேள்வி

"பரம்பரை முழுக்க வேணும் ஐயா. எத்தனை தலைமுறை மேல போக முடியுமோ அத்தனையும்."

குடும்ப வரலாறு தேடித் தரச்சொல்லி என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் பதில் சொல்லும் முன் அவர்களிடம் கேட்பது ஒன்று உண்டு: "உங்க குடும்பத்துல இப்ப இருக்கிறவங்கள்ல ரொம்ப வயசான பொம்பளை யாரு? எங்க இருக்காங்க? காது கேட்குதா?" வந்தவர்கள் சற்றுத் தடுமாறுவார்கள். தாத்தாவின் தாத்தா பேரைக் கேட்க வந்தவர்களுக்குச் சித்தியவானில் மகள் வீட்டில் படுத்திருக்கும் பெரியம்மாவின் நினைவு வருவதில்லை. என் வேலை அந்தப் பெரியம்மாவிடமிருந்துதான் தொடங்குகிறது.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சின்னக் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கூப்பிட்டதும், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஆள் ஆளாகப் புள்ளி போட்டதும்தான் என் படிப்பு. பால்மரம் சாய்ந்து செம்பனை வந்தது. பிறகு செம்பனையும் போய் அந்த நிலத்தில் தாமான் என்ற வீட்டுக் குடியிருப்பு எழும்பியது. நான் ஈப்போ புந்தோங்கில் ஒரு சிறு அறை பிடித்து மனு எழுத உட்கார்ந்தேன். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள் வந்தார்கள். குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு ஐசியோடே (அடையாளக் கார்டு) கிழவியாகிவிட்டவர்கள் வந்தார்கள். ஐசியில் ஒரு பேரும் இ.பி.எஃப். (சேமநிதி) புத்தகத்தில் இன்னொரு பேருமாகப் பணம் எடுக்க முடியாமல் நின்றவர்கள் வந்தார்கள். ஒரு மனுவை ஒழுங்காக எழுத அப்பா பேர், அம்மா பேர், பிறந்த தோட்டம், டிவிஷன், அப்போது இருந்த கிராணி யார் என்று தோண்ட வேண்டியிருக்கும். மனு முடிந்த பிறகும் சிலர் எழுந்திருக்க மாட்டார்கள். "இவ்வளவு தெரிஞ்சிடுச்சே, இன்னும் கொஞ்சம் பாருங்களேன்" என்பார்கள். இந்தத் தொழில் எனக்கு அப்படி அமைந்தது.

ஒரு குடும்பத்துக்கு ஒரு வருஷத்தில் ஒரே கேள்வி என்பது நான் வைத்திருக்கும் கட்டுப்பாடு. தையில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம், மார்கழியில் கணக்குப் பார்க்கிறோம். இதற்கு மேல் காசு கொடுத்தாலும் வாங்குவதில்லை. கேள்வி ஒரு மனிதரையோ ஒரு இடத்தையோ பற்றியதாக இருக்க வேண்டும். "நம்ம பூர்வீகம் என்ன?" என்று எழுத விடமாட்டேன். அதை எந்த வாசலில் போய்க் கேட்பது? "அப்பாவோட அம்மா எந்தத் தோட்டத்துல பிறந்தாங்க, அவங்க கூடப் பிறந்தவங்க யாரு?" என்று எழுதினால் அதற்குப் பதில் தெரிந்தவர் தெலுக் இந்தானிலோ பாகான் செராயிலோ இன்றும் உயிரோடு இருக்கலாம்.

வருஷக் கணக்கு வைப்பதற்குக் காரணம் உண்டு. பேராக் தோட்டத்து மக்கள் இன்று ஒரு இடத்தில் இல்லை. கிள்ளானில், ஜோகூரில், சிங்கப்பூரில், சிலர் ஆஸ்திரேலியாவில். அவர்கள் ஒன்று கூடுவது சில நாள்களில்தான். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு வருகிறார்கள். சித்திரையிலோ ஆடியிலோ பழைய தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா நடக்கும். தொழிலாளர் லயங்கள் இடிந்து, வீடு நின்ற இடத்தில் செம்பனை நின்றாலும், கோயில் இருக்கும்வரை அந்த ஒரு நாள் எல்லோரும் வந்து சேர்கிறார்கள். பிறகு தீபாவளி, பள்ளி விடுமுறைக் கல்யாணங்கள். இந்த நாள்களைச் சுற்றித் தேடலை அமைத்தால் ஒரு வருஷம் ஒரு கேள்விக்குச் சரியாக இருக்கிறது. ஆடித் திருவிழாவைத் தவறவிட்டால் அந்த ஆள்களை ஒன்றாகப் பார்க்க மறு ஆடி வர வேண்டும். அதற்குள் அவர்களில் ஒருவர் இல்லாமல் போகலாம்.

மொரிசியஸ் தமிழர்களையும் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் தமிழர்களையும் பார்த்து நம்மவர்கள் ஏங்குவதுண்டு. மொரிசியஸில் மோக்கா மகாத்மா காந்தி நிலையத்தில் ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகள் இருக்கின்றன. நேட்டாலுக்குப் போனவர்களின் கப்பல் பட்டியல்களில் ஆளின் பேர், தகப்பன் பேர், வயது, சாதி, கிராமம் எல்லாம் வரிசையாக எழுதியிருக்கும். மலாயாவிலும் ஒப்பந்த முறை இருந்தது. 1910-இல் அதற்கு முடிவு கட்டினார்கள். அதன் பிறகு வந்த பெருங்கூட்டம் கங்காணி வழியாக வந்தது. கங்காணி தன் ஊருக்குப் போய், தன் உறவிலும் சுற்று வட்டாரத்திலும் ஆள் சேர்த்து, நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ முகாமில் தங்க வைத்துக் கப்பலேற்றினார். பினாங்கு வந்தால் புலாவ் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவல், பிறகு தோட்டம். 1938-இல் இந்திய அரசு இந்தக் கூலி ஏற்றுமதியை நிறுத்தும்வரை இது நடந்தது. கங்காணி ஆள்களுக்கு ஒப்பந்தச் சீட்டு கிடையாது. எனவே ஆளுக்கொரு சீட்டு வைத்து மேலே ஏறிப்போகும் வழி நமக்கு வாய்க்கவில்லை.

ஆனால் கங்காணி முறையில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒரு கங்காணி கட்டி வந்த ஆள்கள் பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்கள், அல்லது பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். உங்கள் வீட்டில் ஊர்ப் பேர் மறந்து போயிருந்தால், உங்கள் தாத்தா இருந்த லயத்தில் அடுத்த கதவுக்காரரின் பேரன் வீட்டில் அது மறக்காமல் இருக்கலாம். அதனால் நான் ஒரு குடும்பத்தை மட்டும் தனியாகத் தேடுவதில்லை. யார் யார் எந்தக் கங்காணியின் ஆள்கள், ஆள் தலைக்கு இவ்வளவு என்று கங்காணி வாங்கிய தலைக்காசு யாருக்குப் போனது என்று முதலில் பிடிப்பேன். இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

காகிதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப் பேர் கிடையாது. பேருக்கும் அப்பா பேருக்கும் நடுவே ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்). ஒரு பத்திரத்தில் இரண்டு தலைமுறை, அவ்வளவுதான். அந்த இரண்டு பேரும் கிராணியின் காதில் விழுந்த விதத்தில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. கிராணிமார் பலர் மலையாளிகள், யாழ்ப்பாணத்தார். லெட்சுமணன் என்ற ஒரே பேரை உடன்பிறந்தவர்கள் இருவரின் பத்திரத்தில் இரண்டு எழுத்துக்கூட்டலில் பார்த்திருக்கிறேன். பத்திரத்தை வாங்கியதும் நான் முதலில் பார்ப்பது தகவல் கொடுத்தவர் யார் என்ற கட்டத்தை. அங்கே அப்பாவின் பேர் இல்லாமல் வேறொருவர் பேர் இருந்தால் அது உறவுக்காரராகவோ கங்காணியாகவோ இருக்க வாய்ப்புண்டு.

1951-க்குப் பிறகு வேலை பார்த்தவருக்கு இ.பி.எஃப். கணக்கு இருக்கும், எந்தத் தோட்டத்தில் வேலை என்பது அதில் தெரியும். 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் தொடங்கிய பிறகு சேர்ந்தவர்களின் உறுப்பினர் அட்டைகள் டிரங்குப் பெட்டிகளில் கிடைக்கின்றன. 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குக் காகிதங்களைத் தாத்தாக்கள் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்று, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடிக் கொண்டிருந்த நாள்களில் வயிற்றைக் கட்டி வாங்கிய பங்கு அது. இளையவர்கள் இவற்றைக் குப்பை என்று வீசுகிறார்கள். வீசாதீர்கள். பழைய தமிழ் நேசன் கட்டிங் இருந்தால் அதையும் வீசாதீர்கள். 1924 முதல் 2019 வரை வந்த பத்திரிகை அது. அதில் வந்த நீத்தார் அறிவிப்பு ஒன்றில் மக்கள், மருமக்கள், அவரவர் இருக்கும் தோட்டம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

தமிழ்ப்பள்ளிகளும் முக்கியம். தோட்டம் மறைந்த பிறகும் பள்ளியின் பேரில் தோட்டம் இருக்கிறது. எல்பில், ஹீவுட், டோவன்பி, செர்சனீஸ், கூலா என்று பேராக்கில் எத்தனையோ பள்ளிகள் தோட்டத்துப் பேரையே தாங்கி நிற்கின்றன. ஒரு தோட்டம் எங்கே இருந்தது என்று யாருக்கும் சொல்லத் தெரியாதபோது நான் பள்ளிப் பட்டியலைத்தான் முதலில் எடுப்பேன்.

முதியவர்களிடம் வருஷம் கேட்கக் கூடாது. "எந்த வருஷம் கல்யாணம் ஆச்சு பாட்டி?" என்றால் அவர் உங்களைச் சமாதானப்படுத்த ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார். அந்த எண் பிறகு குடும்பத்தில் வேதவாக்காக நின்றுவிடும். நடந்ததை வைத்துக் கேட்க வேண்டும். பெரிய வெள்ளம் வந்தபோது உங்க அம்மா பிறந்திருந்தாங்களா? அது 1926. ஜப்பான்காரன் ஈப்போவுக்கு வந்தபோது நீங்க எவ்வளவு உசரம்? அது 1941 டிசம்பர் கடைசி. சுங்கை சிப்புட்டில் துரைமாரைச் சுட்டபோது கைப்பிள்ளை யார்? அது 1948 ஜூன் 16. எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் ஒரே காலையில் மூன்று வெள்ளைக்காரர்கள் செத்தார்கள், அவசரகாலம் பிறந்தது. அந்த வருஷமே பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அடையாளக் கார்டு எடுக்கத் தொடங்கினார்கள். "ஐசிக்குப் படம் பிடிச்சப்போ நீங்க பிடிச்சுக்கிட்டீங்களா, சின்னப் பிள்ளைன்னு விட்டுட்டாங்களா?" என்ற ஒரு கேள்வியில் பிறந்த வருஷம் ஓரளவு வந்துவிடும். ஐசியில் உள்ள பிறந்த தேதியைவிட அந்தப் பதிலை நான் நம்புகிறேன். அந்தத் தேதிகளில் பல, எழுதியவர் முகத்தைப் பார்த்துப் போட்ட தேதிகள்.

இதே முறையில் வீட்டுக் கதைகளையும் சரிபார்க்கலாம். "இருநூறு வருஷத்துக்கு முன்னால பால் வெட்ட வந்தவங்க நாங்க" என்று பெருமையோடு சொல்லும் குடும்பங்கள் உண்டு. கோலகங்சாரில் ஹியூ லோ ரப்பர் கன்றுகளை நட்டதே 1877-இல்தான். அவற்றில் ஒரு மரம் இன்றும் நிற்கிறது. தோட்டம் தோட்டமாக ரப்பர் பரவியது இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகு. அதற்கு முன்பே பேராக்குக்கு வந்த குடும்பம் என்றால் வேறு வேலைக்கு வந்திருக்கும். கிரியான் பக்கம் என்றால் பெரும்பாலும் கரும்பு.

இந்தக் கரும்பு ஒரு குடும்பத்துக்கு எப்படி வழி காட்டியது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வந்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியை, ஈப்போவில் இருப்பவர். அப்பா வழியை அரசர் காலம்வரை கொண்டுபோக வேண்டும் என்பது அவர் ஆசை. நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். எண்பத்தைந்து தாண்டிய அத்தை ஒருவர் சுங்கை சிப்புட்டில் இருப்பதாகச் சொன்னார்.

"அத்தைக்கு என்ன தெரியும் ஐயா? எழுதப் படிக்கத் தெரியாது."

"அவங்க அம்மாவைப் பத்தி அவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்கு டீச்சர் தெரியும்?"

அந்த வருஷத்துக் கேள்வியை இப்படி எழுதினோம்: அப்பாயி பிறந்த வீடு எது? பெண் வழியைத் தொடுவது என் பழக்கம். பத்திரங்கள் ஆண் வழியை ஓரளவு காப்பாற்றுகின்றன. பெண் கட்டிக்கொடுத்த வீட்டோடு கரைந்து போகிறாள். அவள் பிறந்த ஊர், அவள் அண்ணன் தம்பி எல்லாம் அவளைப் பார்த்தவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. முதலில் அழியப்போவது அது, முதலில் எடுக்க வேண்டியதும் அது.

அத்தைக்கு அம்மா பிறந்த தோட்டத்தின் பேர் வரவில்லை. "அம்மாவோட ஊரு ரயில்ல போகணும், எறங்கி மாட்டு வண்டி" என்றார். "மாமா வீட்டுல கரும்புக் காட்டுக் கதை சொல்லுவாங்க" என்றும் சொன்னார். சுங்கை சிப்புட்டில் ஏது கரும்பு? நான் அவரிடம் அவருடைய கல்யாண மொய் நோட்டைக் கேட்டேன். பேத்தியை விட்டு அலமாரிக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

மொய் நோட்டைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இது 1961-ஆம் வருஷத்து நோட்டு. குறுகலான நீள நோட்டு, ஓரமெல்லாம் மஞ்சள் பட்ட கை பதிந்திருந்தது. மேலே பிள்ளையார் சுழி. ஊதா நிறக் காப்பிப் பென்சிலில், எச்சில் தொட்டு எழுதிய இடமெல்லாம் அழுத்தமாகவும் மற்ற இடம் வெளிறியும் இருந்தது. வரிசைக்குப் பேர், தோட்டம், கொடுத்த வெள்ளித் தொகை. எல்லோரும் இரண்டு வெள்ளி, மூன்று வெள்ளி, சிலர் ஐந்து. முதல் வரியில் மட்டும் ஐம்பத்தொன்று. அது தாய்மாமன் மொய். பல நோட்டுகளில் தாய்மாமன்தான் முதல் வரி, முறை அப்படி. ஆகவே 1961-இல் மணமகளின் தாயோடு பிறந்தவர் எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்பது அந்த வரியில் இருந்தாக வேண்டும். தோட்டத்துப் பேரைக் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார்கள். இரண்டு மூன்று தடவை வாய்விட்டுப் படித்த பிறகு அது செர்சனீஸ் என்று பிடிபட்டது. கிரியான் பக்கம். ரப்பருக்கு முன்னால் கரும்பு போட்ட வட்டாரம். அத்தை கேட்ட கதை அங்கே போய்ப் பொருந்தியது. டீச்சர் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வந்தார்.

அதோடு அந்த நோட்டில் அதே தோட்டத்தைச் சேர்ந்த இன்னும் சில வரிகள் இருந்தன. தாய்மாமனோடு வண்டி கட்டி வந்தவர்கள், அதாவது பங்காளிகள். அந்தப் பேர்களை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு அந்தத் தோட்டத்து ஆடித் திருவிழாவுக்குப் போனோம். சாமி கும்பிட வந்தவர்களிடம் ஒவ்வொரு பேராகச் சொல்ல, ஒரு பெரியவர், "அது என் சித்தப்பா" என்றார். அவர்கள் வீட்டுச் சாமி கருப்பர்; முன்னோர் ஊரிலிருந்து பிடிமண் கொண்டுவந்து இங்கே வைத்துக் கும்பிடுகிறார்கள். எந்த ஊர்ப் பிடிமண் என்று கேட்டதும் "முசிறிப் பக்கம்" என்றார். முசிறிப் பக்கம் என்பது பெரிய பரப்பு. தீபாவளிக்குள் அந்த வீட்டுப் பெட்டியிலிருந்து ஊர்க் கடிதம் ஒன்று வந்தது. உறையில் அனுப்பியவர் விலாசம்: புதுப்பட்டி, அதன் தபால், முசிறி தாலுகா, திருச்சிராப்பள்ளி ஜில்லா. அப்பாவின் அம்மாவை அந்தப் பக்கத்து வழக்கில் அப்பாயி என்று கூப்பிட்டுப் பழகிய டீச்சர் வீட்டுக்குத் திருச்சி வட்டாரம் என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

வருஷம் முடிந்தது, கேள்வியும் முடிந்தது. டீச்சர் தை மாதமே திருச்சிக்கு விமானம் ஏற வேண்டும் என்றார். நான் தடுத்தேன். தமிழ்நாட்டில் புதுப்பட்டிகள் ஏராளம். பழைய ஜில்லா இன்றைய மாவட்டம் ஆகாது. அன்றைய திருச்சி ஜில்லாவுக்குள் இருந்த கரூரும் பெரம்பலூரும் அரியலூரும் இன்று தனித்தனி மாவட்டங்கள். பெரிய சேலத்திலிருந்து 1965-இல் தருமபுரியும் 1997-இல் நாமக்கல்லும் பிரிந்தன. வட ஆர்க்காடு 1989-இலும் தென் ஆர்க்காடு 1993-இலும் உடைந்தன. புதுக்கோட்டைக்காரர் வீட்டுக் காகிதத்தில் சமஸ்தானம் என்று இருக்கும், 1948வரை அது தனி அரசு. கிராமம், தபால், தாலுகா மூன்றும் கையில் இருந்தும் அங்கே போய் யார் பேரைச் சொல்லிக் கேட்பது என்று தெரியாவிட்டால், ஊர் எல்லையில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பத்தான் முடியும். மறுவருஷக் கேள்வி அதுவாக இருந்தது: அந்தக் கடிதத்தை எழுதியவர் அப்பாயிக்கு என்ன முறை?

எல்லாக் குடும்பத்துக்கும் இப்படிக் கனிவதில்லை. சில கேள்விகளை நான் மிகவும் யோசித்துத்தான் எடுக்கிறேன். "சயாமுக்குப் போனவர்" என்று ஒரு பேர் இல்லாத தோட்டத்துக் குடும்பம் பேராக்கில் அபூர்வம். ஜப்பான்காரன் 1942-இல் தொடங்கி 1943 அக்டோபருக்குள் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டான். தோட்டம் தோட்டமாக லாரி வந்து நம் ஆள்களை ஏற்றிப் போனது. காஞ்சனாபுரியில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் 6,900-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கல்லறைத் தோட்டம், பெரும்பாலான கல்லறைகளில் பேர் தாங்கிய தகடு, புல் வெட்டிப் பராமரிக்கிறார்கள். நம் ஆள்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் கிடையாது. "தாத்தா எங்க செத்தாருன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க" என்று கேட்டு வருபவரிடம் அதை அந்த வருஷத்துக் கேள்வியாக எழுத நான் சம்மதிப்பதில்லை. எழுதச் சொல்வது வேறு: அவர் எந்தத் தோட்டத்திலிருந்து போனார், கூடப் போனவர்கள் யார், திரும்பி வந்தவர் யார், வந்தவர் வீட்டில் என்ன சொன்னார்? ஒரே கேள்வியின் இந்த நான்கு கிளைக்கும் இன்னும் பதில் கிடைக்கிறது, திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள் இருக்கும்வரை. ஒரு குடும்பம் இப்படித் தேடி ஒரே லயத்திலிருந்து போனவர்களின் பேர்களை வரிசையாக எழுதி எடுத்தது. திதி தெரியாததால் ஆடி அமாவாசையில் அந்தப் பேர்கள் எல்லாவற்றையும் சொல்லித் தண்ணீர் விடுகிறார்கள், தங்கள் தாத்தா பேரோடு நிறுத்திவிடாமல்.

1969-க்குப் பிறகு பிரிந்தவர்களைத் தேடுவது இன்னொரு வகை. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று 1968-இல் சட்டம் வந்தது. சிவப்பு ஐசிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் ரஜூலா கப்பல் ஏறினார்கள். அண்ணன் நீல ஐசி, தம்பி சிவப்பு ஐசி என்று ஒரே வீடு இரண்டாக நின்றதை நான் மனு எழுதும்போதே கேட்டிருக்கிறேன். ரஜூலா 1973-இல் நின்றுபோனது, அதன் பிறகு ஓடிய சிதம்பரம் கப்பல் 1985-இல் தீப்பிடித்தது. கடிதம் மட்டும் சில காலம் போய் வந்தது. இந்தப் பிரிவுகளைத் தேட இன்னும் காலம் கடக்கவில்லை. அங்கே போனவர்களுக்கு எழுபது எண்பது வயது. இப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருக்கும் குடும்பம் வந்தால் மற்ற எல்லாவற்றையும் தள்ளி வைக்கச் சொல்வேன். முப்பாட்டன் காத்திருப்பார், தங்கை காத்திருக்க மாட்டாள்.

தேடினால் எதிர்பாராததும் வரும். மணியார்டர் ரசீதுகளில் மாதாமாதம் ஊரில் ஒரு பெண் பேருக்குப் பணம் போயிருக்கும். அந்தப் பெண் யார் என்று இங்கே பாட்டிக்குத் தெரிந்திருக்கும், பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. ஊரில் ஒரு குடும்பத்தை விட்டுவிட்டு வந்து இங்கே இன்னொரு குடும்பம் வைத்தவர்கள் பலர். தையில் கையெழுத்துப் போடும்போதே நான் கேட்டு வைத்துவிடுவேன்: இப்படி ஏதும் வந்தால் யாரிடம் முதலில் சொல்வது? குடும்பத்தில் ஒருவர் பேரை எழுதித் தர வேண்டும். உயிரோடிருக்கும் ஒரு கிழவி தன் காதால் கேட்க விரும்பாத ஒன்றை நான் மேசையில் போட மாட்டேன், அதை அழிக்கவும் மாட்டேன். உறையில் போட்டு ஒட்டி, அந்த ஒருவரிடம் கொடுப்பேன்.

மார்கழியில் செய்வது இது. அந்த வருஷம் கேட்ட குரல் பதிவுகளை யாராவது இளையவர் உட்கார்ந்து எழுதி எடுக்க வேண்டும். கைப்பேசியில் கிடந்தால் கைப்பேசியோடு போய்விடும். படங்களின் முகப்பை மட்டும் பிடிக்காமல் பின்பக்கத்தையும் பிடிக்க வேண்டும். ஈப்போ ஸ்டுடியோ முத்திரையும் பென்சில் எழுத்தும் பின்பக்கத்தில்தான் இருக்கும். எல்லாவற்றையும் அச்செடுத்துக் குறைந்தது மூன்று வீடுகளில் வைக்கச் சொல்வேன், அதில் ஒன்று அத்தை அல்லது சித்தி வழி வீடாக இருக்க வேண்டும். சொன்னவர் பேரையும் சொன்ன இடத்தையும் ஒவ்வொரு தகவலுக்கும் கீழே எழுத வேண்டும். "அத்தை சொன்னது, சுங்கை சிப்புட், மொய் நோட்டு முதல் வரியோடு பொருந்துகிறது" என்று இருந்தால் நாளை எவரும் அதைத் திரும்பச் சரிபார்க்கலாம். பதில் கிடைக்காத கேள்வியையும் அப்படியே எழுதி, யார் யாரிடம் கேட்டாயிற்று என்று குறித்து வைக்கிறோம். அடுத்து வருபவர் அதே கதவுகளைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

இந்தத் தையில் என் மேசையில் வந்திருக்கும் குடும்பங்களில் ஒன்றுக்குக் கேள்வி இன்னும் எழுதவில்லை. மகன் தாத்தாவின் கப்பல் எது என்று கேட்கிறார். அவருடைய பாட்டியின் தங்கை தாப்பாவில் இருக்கிறார், கண் தெரியாது, பேச்சு தெளிவு. மொய் நோட்டு அவர் வீட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள். மாசி பிறப்பதற்குள் தாப்பாவுக்குப் போய்விட்டு வந்து பிறகு கேள்வியை எழுதலாம் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். கப்பல் அடுத்த வருஷத்துக்கு.